பிடிக்கிற கை

இடது பக்கக் கழுத்து. காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரைக்கும் யாரோ கம்பியை முறுக்கி உள்ளே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி வலி. காலையில் கண் விழித்ததும் இசக்கியம்மாள் முதலில் தலையைத் திருப்பிப் பார்ப்பாள். திரும்பினால் அன்றைய பொழுது சுமாராக ஓடும். திரும்பாவிட்டாலும் வேலைக்குப் போகத்தான் வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று எந்த மேஸ்திரியும் பாதிச் சம்பளம்கூடக் கொடுத்ததில்லை.

சுவர் கட்டும் எந்திரம் வந்துவிட்ட காலம்தான். ஊருக்கு வெளியே பெரிய பெரிய குடியிருப்புகளை அது தனியாகவே எழுப்பிவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் பாளையங்கோட்டைக்குள் இருக்கிற குறுகலான முடுக்குகளில் அது நுழையாது. அங்கே இன்னமும் சித்தாள் வேண்டும், சாரம் வேண்டும், கீழே நின்று செங்கல் எறிய ஓர் ஆள், மேலே நின்று பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

கீழே நின்று எறிவது இசக்கி. சாரப்பலகையில் நின்று பிடிப்பது உலகம்மாள். இரண்டிரண்டு கல்லாகச் சேர்த்துக் கையைத் தாழ்த்தி, "இந்தா" என்று ஒரு குரல் கொடுத்து மேலே விடுவாள் இசக்கி. உலகம்மாள் திரும்பிப் பார்க்க மாட்டாள். முந்தின கல்லைக் கொத்தனாரிடம் நீட்டிக்கொண்டிருப்பாள். "இந்தா" காதில் விழுந்ததும் கை தானாக வந்து கல் வரும் இடத்தில் நிற்கும். அவள் பிடிக்கத் தவறினால் கல் வந்த வழியே திரும்பி எறிந்தவள் தலையில்தான் இறங்கும். இத்தனை வருஷத்தில் உலகம்மாள் ஒரு கல்லைக்கூடத் தவறவிட்டதில்லை. அவளுக்கு மேலே, சுவரின் உச்சி வரிசையில் உட்கார்ந்து கல் பதிக்கிற கொத்தனார் மாசானம், இசக்கியின் புருஷன்.

இப்படி மூன்று பேரும் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ஜெபசெல்வி வந்து முடுக்கில் நின்றாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, காதுக்குப் பின்னால் வில்லை. வில்லை என்றால் ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள பொட்டு. தோலில் ஒட்டிக்கொண்டால் கதை காதில் கேட்கும், கதையில் வருகிறவர்களின் நெஞ்சில் இருப்பது கேட்கிறவர் நெஞ்சிலும் இறங்கும். நாட்டில் பாதிப் பேர் அதை ஒட்டிக்கொண்டுதான் திரிந்தார்கள். ஜெபசெல்வி அதற்குக் கதை எழுதுகிறவள்.

டீ குடிக்கிற நேரம்வரை காத்திருந்து இரண்டு பெண்களிடமும் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வானத்து மேல வளருற ஒரு மதில எழுதியிருக்கேன். ஏழு தலை அரக்கன எழுதியிருக்கேன். எல்லாரும் நம்புதாங்க. மதில் மேல நிக்கிற ஆதிரைங்கிற ராணியும், கீழ நின்னு கல்லு வீசுற கொன்றைங்கிறவளும் ஒருத்திக்கு ஒருத்தி உசிரக் குடுப்பாங்கன்னு எழுதுனா மட்டும் ஒருத்தரும் நம்ப மாட்டேங்காங்க."

"நீதான எழுதுத? நம்புத மாதிரி எழுது" என்றாள் இசக்கி.

"முன்னால அப்படி எழுதுனா போதும்க்கா. படிக்கிறவங்க நெஞ்சுல அவங்கவங்க பாசம் கெடக்கும். அதை எடுத்துப் போட்டு நெரப்பிக்கிடுவாங்க. வில்லை வந்த பிறகு அந்தப் பழக்கமே போச்சு. எல்லாம் கதையில இருந்தே வரணும். வெறும் வார்த்தையக் குடுத்தா அட்டையைக் கடிச்ச மாதிரி இருக்குங்காங்க."

"நடிக்கிறவங்கள வச்சு எடுக்க வேண்டியதுதான?"

"எடுத்தோம். வில்லைக்குப் பொய் தெரிஞ்சிருதுக்கா. நெசமாவே ரெண்டு பேருக்குள்ள இருக்கணும். அதை நூலு மாதிரி எழையா எடுத்து, கதையில இருக்கவங்க மேல நான் கட்டுவேன். உங்களுக்கு ஒண்ணும் கொறையாது."

உலகம்மாள் சிரித்துவிட்டாள். "எங்ககிட்ட என்ன தாயி இருக்கு? இவ எறிவா, நான் பிடிப்பேன். சாயங்காலம் ஆளுக்கொரு பஸ்ல ஏறிருவோம்."

"அதான்க்கா வேணும்" என்றாள் ஜெபசெல்வி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு. யாரு எழை யாரு மேல போச்சுன்னு கேக்கக் கூடாது. உங்க கதைய நீங்க கேக்காம இருக்கது ரொம்ப நல்லது. போன தடவை அண்ணன் தம்பி ரெண்டு பேரு குடுத்தாங்க. கேட்டுப்புட்டு, ஒம் பாசம் இம்புட்டுத்தானால, எம் பாசம் எம்புட்டுன்னு பாருலன்னு மல்லுக்கட்டி, இப்பம் பேச்சுவார்த்தை கெடையாது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். தனித்தனி அறை. நெற்றிப் பொட்டில் எதையோ ஒட்டி, "உலகம்மாள் அக்காவ நெனச்சுக்கோங்க" என்றார்கள். என்ன நினைத்தாள் என்று கேட்டால் இசக்கிக்கே சொல்லத் தெரியாது. உலகம்மாள் சாரத்தில் நின்றாள், வெயில் அடித்தது, அவ்வளவுதான். வெளியே வந்து இருவரும் ஆளுக்கொரு பரோட்டா தின்றுவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

கதை வந்தது. வந்த வேகத்தில் ஊரையே தூக்கிக்கொண்டு போனது. ஆதிரை பக்கம் நின்றும் கேட்கலாம், கொன்றை பக்கம் நின்றும் கேட்கலாம். ஜனங்கள் ஆதிரை பக்கம்தான் குவிந்தார்கள். டீக்கடைக்காரர் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீனி போட மறந்தார். கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் அழுதார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளைக்கு ஆதிரை மாதிரி நெஞ்சு இருக்கிறதா, இழை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். ஒரே ஒரு குறை. "ஆதிரை கேட்டா கழுத்து பிடிச்சுக்கிடுது பாத்துக்கோ" என்று மேஸ்திரி கழுத்தைத் தேய்த்தார். "அழுத அழுகைக்குக் கழுத்து என்ன, இடுப்பே பிடிக்கும்" என்றார் டீக்கடைக்காரர்.

மாசானம் வேலை முடிந்து வந்ததும் வில்லையை ஒட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவான். கேட்டு முடித்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான்.

"இந்த ஆதிரை இருக்காளே" என்றான் ஒரு நாள். "நம்ம மேல ஒருத்தி இப்படி உசிரா இருந்தா, மனுசன் மதில என்ன, மலையையே கட்டிருவான் ஏளா."

இசக்கி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆதிரை மேலே நிற்கிறவள். மேலே நிற்கிறவள் என்றால் உலகம்மாள் கொடுத்தது. கீழே நிற்கிற கொன்றைதான் தன்னுடையது. இதற்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். ஊரே ஆதிரைக்காக அழுதது. கொன்றையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவன் குளிக்கப் போனபோது வில்லையை எடுத்து ஒட்டிக்கொண்டாள். முதலில் கொன்றை பக்கம். தன்னுடையது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

வயிற்றை எதுவோ கவ்வியது. கால் விரல்கள் தரையைப் பற்றிக்கொண்டன, விளிம்பில் நிற்கிற மாதிரி. ஒவ்வொரு கல்லுக்கும் ஐயோ என்று உள்ளே ஒன்று பதறி, பிறகு ஆறியது. மறுபடி பதறியது. கடைசி வரைக்கும் அவ்வளவுதான். வில்லையைப் பிய்த்தெடுத்தாள். இதுவா என் பாசம்? வெறும் பயமாக அல்லவா இருக்கிறது! யாருக்குப் பயந்தேன், எதற்குப் பயந்தேன்? கூனிக் குறுகிப் போனாள்.

அடுத்த நாள் ஆதிரை பக்கம்.

கேட்டு முடித்தபோது அரிசி உலை பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா? ஒரு தாங்கல் அது. முழுப் பாரத்தையும் ஒரு ஆளிடம் எறிந்துவிட்டு, அந்த ஆள் இருக்கிறாள் என்ற ஒரே நம்பிக்கையில் அடுத்ததைக் குனிந்து எடுக்கிற நிம்மதி. பெற்றவள் தன்னிடம் இப்படி இருந்ததில்லை. கட்டினவன் இருந்ததில்லை. தன்மேல் ஒருத்தரும் இப்படிப் பாசம் வைத்ததில்லை. உலகம்மாள் யார்மேலோ வைத்திருக்கிறாள். அந்த யாரோ தானாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு விம்மியது. மறுபடி கேட்டாள்.

அப்போதுதான் அந்த முள் தட்டுப்பட்டது. மதில்மேல் நின்று ஆதிரை குனிந்து பார்த்தாள் என்றது கதை. நெஞ்சோ நிமிர்ந்து பார்த்தது. மேலே, கண் கூசுகிற வெயிலுக்கு எதிரே, முகம் தெரியாத ஒரு கறுத்த உருவம். அதைப் பார்க்கிறபோதுதான் அந்த நிம்மதி வந்தது. கழுத்து வலித்தது, அது எப்போதும் வலிக்கிற கழுத்து.

உலகம்மாள் நிமிர்ந்து பார்க்கிற ஆள் யார்? உலகம்மாளுக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

மாசானம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். இசக்கி அவனையே பார்த்தாள்.

"என்ன ஏளா, அடுப்பு அணைஞ்சு கெடக்கு?"

"உமக்கு ஆதிரை ரொம்பப் பிடிக்கும் என்ன?"

"ஆருக்குத்தான் பிடிக்காது?"

"சாரத்துல ஏறுனா ஆதிரை உம்மளப் பாத்துச் சிரிப்பாளோ?"

"ஆதிரை என்னத்துக்குச் சாரத்துல வாரா? வெயிலு மண்டைல ஏறிட்டா ஒனக்கு?" என்று சொல்லிவிட்டு அவன் சட்டையைத் தேடப் போனான். திருடன்தான் இவ்வளவு சாதாரணமாக இருப்பான் என்று தோன்றியது அவளுக்கு.

அதற்குப் பிறகு அவள் கண் செங்கல்லில் இல்லை. உலகம்மாள் கல்லை நீட்டும்போது அவன் விரல் படுகிறதா? தண்ணீர்ச் செம்பை யார் முதலில் யாருக்குக் கொடுக்கிறார்கள்? உலகம்மாள் புதிதாக ரப்பர் வளையல் போட்டிருந்தாள். யாருக்காக? மத்தியானம் அவள் நீட்டிய கருவாட்டுத் துண்டை இசக்கி வாங்கவில்லை. "யக்கா, என்ன கோவம்?" என்றாள் உலகம்மாள். "எனக்கென்ன கோவம், நான் கீழ கெடக்குதவ" என்றாள் இசக்கி. உலகம்மாள் விளங்காமல் விழித்தாள். விளங்காத மாதிரி நடிக்கிறாள் என்று இசக்கி நினைத்தாள்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள். சுவர் உயர்ந்து, சாரமும் உயர்ந்திருந்தது. மேலேயிருந்து மாசானம் எதையோ சொன்னான். கீழே கேட்கவில்லை. உலகம்மாள் தலையைப் பின்னால் சாய்த்து, நிமிர்ந்து, அவனைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

அந்த நிமிர்ந்த கழுத்தை இசக்கி பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த நிமிர்வு. நெஞ்சுக்குள் ஆதிரையின் அந்த நிம்மதி மறுபடி ஒரு முறை ஓடி, பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி எரிந்தது. கையில் இரண்டு கல் இருந்தது. வழக்கத்தைவிட வேகமாக விட்டாள். "இந்தா" சொல்லவில்லை.

மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல. வாய் வரைக்கும் வந்ததை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

உலகம்மாள் கடைசி நொடியில்தான் திரும்பினாள். கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. கீழே நின்ற இசக்கியே அதைக் கண்ணால் பார்த்தாள். இழுக்கவில்லை. நீட்டினாள். காய்ந்த கம்பு முறிகிற சத்தம் கேட்டது. கல் இரண்டையும் முறிந்த கையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு, உலகம்மாள் பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். ஒரு கல்லும் கீழே விழவில்லை.

"நான்தான் கவனிக்கல அண்ணாச்சி" என்றாள் மேஸ்திரியிடம். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது ஒரு தடவை இசக்கியைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டாள்.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. எலும்பு கூடினாலும் விரல் மடங்காது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் இசக்கி சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நேராக ஜெபசெல்வியின் அலுவலகத்துக்குப் போனாள். செய்ததற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது அவளுக்கு.

"எம் புருசன் மேல அவ வச்சிருக்க நெனப்பையா நீ ஊரு பூரா வித்த?"

ஜெபசெல்வி எழுந்து நின்றாள். "யாருக்கா? என்ன நெனப்பு?"

"ஆதிரையோடது. நிமிர்ந்து பாக்காள்லா? மேல நிக்கவ எதுக்கு நிமிர்ந்து பாக்கா? அவளுக்கு மேல எம் புருசன்தான இருக்காரு!"

ஜெபசெல்வி போய்க் கதவைச் சாத்தினாள். "நீங்க கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றாள். பிறகு, "ஆதிரையோடது உலகம்மாள் அக்காவோடது இல்ல" என்றாள்.

"பின்ன?"

"உங்களோடது."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ரெண்டு எழையையும் போட்டுப் பாத்தோம். உங்களோடது பெரிசா இருந்துச்சு. ராணிக்குப் பெரிசு வேணும்னு நான்தான் மாத்திக் கட்டுனேன். நீங்க நிமிர்ந்து பாக்கீங்க, கதையில அவ குனிஞ்சு பாக்கணும். குனிஞ்சான்னு எழுதிட்டேன். எழுத்த மாத்த முடிஞ்சுது, கழுத்த மாத்த முடியல. கேக்குறவங்க எல்லாரும் கழுத்து வலிக்குன்னு எங்ககிட்டத் தெனமும் சொல்லுதாங்க. அது என்னன்னு எங்களுக்கு இன்னைக்குத்தான் விளங்குது."

இசக்கியின் கை தானாகப் போய் இடது கழுத்தைப் பிடித்தது. வெயிலுக்கு எதிரே, முகம் தெரியாத கறுத்த உருவம். சாரப்பலகையில் நிற்கிற உலகம்மாளைக் கீழேயிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். தினமும் பார்த்ததுதான். தன் நெஞ்சை வெளியேயிருந்து பார்த்த பழக்கம் இல்லாததால், வேற்றாள் வீட்டுச் சொத்து என்று நினைத்து வயிறெரிந்திருக்கிறாள்.

"அப்பம் கொன்றை? அந்த வயித்தக் கவ்வுத பயம்?"

"அது அவங்களோடது. பாசம்னுதான் எழை எடுக்குத எந்திரம் சொல்லுச்சு. எங்களுக்குப் பயமாத்தான் பட்டுது. எதுக்குப் பயப்படுதாங்கன்னு விளங்கல."

இசக்கிக்கு விளங்கியது. பலகையின் விளிம்பைப் பற்றிய கால் விரல்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஐயோ. தவறினால் அது யார் தலையில் விழும் என்ற பதற்றம். பிடித்ததும் ஓர் ஆறுதல். கல்லுக்குக் கல், நாள் முழுக்க, வருஷக்கணக்காக. கீழே நின்றவள் நிம்மதியாகக் குனிந்து அடுத்த கல்லை எடுத்ததெல்லாம் மேலே ஒருத்தி அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு நின்றதால்தான்.

வாசல்வரை வந்த ஜெபசெல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அடுத்த பாகத்துல ஒரு சூனியக்காரி வாரா. அவளுக்குப் பொறாமை வேணும். பாசம்னா குடுக்க ஆளு வருது, பொறாமை குடுக்க ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டேங்காங்க. உங்ககிட்ட இப்பம் இருக்கது ஆறுறதுக்குள்ள…"

இசக்கி படியிறங்கிப் போனாள்.

உலகம்மாள் வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. காதுக்குப் பின்னால் வில்லை. இசக்கியைப் பார்த்ததும் இடது கையால் அதைக் கழற்றினாள்.

"வா யக்கா. ஆதிரை பக்கம் கேட்டியா நீ?"

"கேட்டேன்."

"நான் மொத நாளே கேட்டேன். இடது கழுத்து பிடிச்சுது பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு, இது எங்க யக்காவோடதுல்லான்னு. ஊருல எல்லாவனும் ஆதிரை ஆதிரைன்னு அழும்போது எனக்குச் சிரிப்பு தாங்காது. உங்க வீட்டு அண்ணன்கூட அன்னைக்கு மேலேருந்து, உலகு, இந்த ஆதிரை மாதிரி ஒருத்தி எனக்கு வாய்க்கலயேங்காரு. சிரிச்சே செத்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லலட்டி?"

"சொன்னா நீ வெக்கப்படுவ. அதுவும் போக, அது எனக்கு வந்ததுதான? தெனமும் சாரத்துல ஏறுததுக்கு முன்னால ஒருக்கா கேட்டுக்கிடுவேன்."

இசக்கி மாவுக்கட்டைப் பார்த்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் வீங்கி, நகத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது.

"கைய இழுத்திருக்கலாம்லா நீ."

"இழுத்தா ஒம் மண்டையிலல்லா விழும்."

அதைச் சொல்லிவிட்டு உலகம்மாள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். பிறகு, ரொம்ப நேரமாக யோசித்து வைத்திருந்த மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"அன்னைக்கு 'இந்தா'ங்கலயே யக்கா. தொண்ட கட்டியிருந்துச்சோ?"

தப்பித்து ஏறுவதற்கு ஓர் ஏணியை அவளே சாய்த்து வைத்துக் கொடுத்தாள். இசக்கி அதில் ஏறிக்கொண்டாள்.

"ஆமாட்டி" என்றாள். "தொண்ட கட்டிப்போச்சு."

"அதான நெனச்சேன்" என்றாள் உலகம்மாள்.

இப்போது உலகம்மாள், கட்டி முடித்த சுவருக்குத் தண்ணீர் விடுகிறாள், இடது கையால், பாதிக் கூலிக்கு. சாரத்தில் வேறொருத்தி நிற்கிறாள். ஒவ்வொரு கல்லுக்கும் இசக்கி போடுகிற "இந்தா" முடுக்கின் கடைசி வரைக்கும் கேட்கிறது. ஜெபசெல்வி இன்னமும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இசக்கி எடுப்பதில்லை. அந்தப் பொறாமையைக் கொடுத்தால் ஊருக்கெல்லாம் அது சூனியக்காரியுடையது. உலகம்மாள் ஒருத்திக்கு மட்டும், கேட்ட மாத்திரத்தில், அது யாருடையது என்று தெரிந்துவிடும். எந்த நாளில் எரிந்தது என்றும் தெரிந்துவிடும். ஒருவேளை இப்போதே தெரியுமோ என்னவோ.

மாசானம் இன்னமும் ஆதிரை கேட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

உலகம்மாளுக்கு இசக்கி கொடுக்க வேண்டியது ஒரு வலது கை. அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கிய ஒரு "இந்தா". இரண்டும் இன்னும் பாக்கி.